பதிப்பு எண்ணும் ஆய்வின் பகுதியே

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வகங்களில் எழுதப்படும் டெஸ்க்டாப் செயலிகளின் கதை பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்வது. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் தம் ஆய்வின் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ, அளவீட்டுக் கருவியிலிருந்து தரவைப் பெறுவதற்கும் படங்களை அளப்பதற்கும் கள ஆய்வுப் பதிவுகளைத் தொகுப்பதற்கும் என்று ஒரு செயலியை எழுதுகிறார். அது மெல்ல ஆய்வகம் முழுவதும் பரவுகிறது. பின்வரும் மாணவர்கள் அதைக் கொண்டு கட்டுரைகள் வெளியிடுகின்றனர். எழுதியவர் பட்டம் பெற்று வெளியேறுகிறார். பிறகு ஒருநாள் ஆய்வகத்துக்குப் புதிய கணினி வருகிறது. செயலி அதில் திறப்பதில்லை. மூலநிரல் இருக்கிறது, தரவு இருக்கிறது, ஆய்வேடும் நூலகத்தில் இருக்கிறது. அந்தச் செயலி எந்தச் சட்டகத்தின் எந்தப் பதிப்பின்மேல் ஓடியது என்பது மட்டும் எவருக்கும் தெரியவில்லை.

இதை ஒரு கணினிக் கோளாறாகக் கருதி, கணினி மையத்திலிருந்து ஒருவரை அழைத்துச் சரிசெய்ய முயல்வதே வழக்கம். ஆனால் இக்கோளாறு, செயலியின் முதல் வரி எழுதப்பட்ட நாளிலேயே எடுக்கப்பட்ட, அல்லது எடுக்காமல் விடப்பட்ட, ஒரு முடிவின் விளைவு. சட்டகத்தின் பதிப்பைத் தேர்ந்தெடுப்பவர், தாம் வெளியேறிய பிறகு அச்செயலியை யார், எவ்வளவு காலம், எந்தக் கணினியில் இயக்க முடியும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார். வேதியியல் ஆய்வேட்டில் வினைப்பொருளின் தூய்மையும் கருவியின் மாதிரி எண்ணும் குறிக்கப்படுவது போல், செயலியின் அடித்தளப் பதிப்புகளும் ஆய்வுமுறையின் பகுதியாகக் குறிக்கப்பட வேண்டும். அதை மாணவரின் தனிப்பட்ட ஒழுக்கத்துக்கு விட்டுவிடாமல், நெறியாளரும் நிறுவனமும் கேட்டுப் பெற வேண்டும்.

சட்டகம் என்பது செயலியின் சாளரங்கள், பொத்தான்கள், கோப்புகளைத் திறக்கும் பெட்டிகள், அச்சிடும் வசதி, கருவிகளோடு பேசும் இணைப்புகள் முதலியவற்றை ஆயத்தமாகத் தரும் மென்பொருள் அடித்தளம். க்யூட்டி, டாட்நெட், எலக்ட்ரான், ஜாவாஎஃப்எக்ஸ் ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. ஓர் ஆய்வகச் செயலி இச்சட்டகத்தின்மேல் மட்டும் நிற்பதில்லை. பைத்தானில் பைக்யூட்டி கொண்டு எழுதப்பட்ட ஒரு செயலியை எடுத்துக்கொண்டால், அடியில் விண்டோஸ் அல்லது லினக்ஸ் இயங்குதளம், அதன்மேல் பைத்தான் இயக்கச்சூழல், அதன்மேல் க்யூட்டி சட்டகம், பக்கத்தில் நம்பை போன்ற கணக்கீட்டு நிரலகங்கள் என நான்கு அடுக்குகளேனும் இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் தனி உரிமையாளர், தனி நாட்காட்டி, தனி ஆதரவுக்காலம். இவற்றுள் ஒன்றேனும் ஆய்வகத்தின் நாட்காட்டியைக் கருத்தில் கொண்டு வகுக்கப்பட்டதன்று.

அந்த நாட்காட்டிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் சிக்கலின் அளவு புலப்படும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், மிகுதியாக 6 ஆண்டுகள். மறுபதிவின் வழி மேலும் 2 ஆண்டுகள் வரை நீட்டிப்பு உண்டு. டாட்நெட்டின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு வழங்கப்படும் ஆயுள் 3 ஆண்டுகள். 2021 நவம்பரில் வெளியான டாட்நெட் 6-க்கான ஆதரவு 2024 நவம்பரில் முடிந்தது. அதாவது, அப்பதிப்பு வெளியான மாதத்தில் ஆய்வில் சேர்ந்து அதில் செயலி எழுதத் தொடங்கியவர், விதிமுறை அனுமதிக்கும் மிகக் குறைந்த காலத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருந்தாலும் அதன் ஆதரவு அத்துடன் தீர்ந்திருக்கும். பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 5 ஆண்டுகள். 2019 அக்டோபரில் வந்த 3.8, 2024 அக்டோபரில் ஓய்வு பெற்றது. எலக்ட்ரானோ ஏறக்குறைய 8 வாரங்களுக்கு ஒருமுறை புதிய முதன்மைப் பதிப்பை வெளியிட்டு, அண்மைய மூன்று பதிப்புகளுக்கு மட்டுமே ஆதரவு தருகிறது. ஒரு பருவத்தேர்வு முடிந்து அடுத்தது வருவதற்குள் ஒரு பதிப்பின் ஆயுள் ஏறக்குறைய முடிந்துவிடும்.

க்யூட்டியின் வரலாறு இன்னும் படிப்பினை மிக்கது. 2020 மே மாதம் வெளிவந்த 5.15 நீண்டகால ஆதரவுப் பதிப்பாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2021 ஜனவரி முதல் அதற்கான திருத்தங்கள் வணிக உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் என்றானது. கட்டற்ற உரிமத்தில் பயன்படுத்தியவர்கள் 2020 டிசம்பரில் வெளியான க்யூட்டி 6-க்குச் செல்லுமாறு எதிர்பார்க்கப்பட்டனர். அந்த முதல் வெளியீட்டிலோ, ஆய்வகக் கருவிகளோடு பேசுவதற்கு இன்றியமையாத தொடர்முனையக் கூறு இடம்பெற்றிருக்கவில்லை. அது 2021 செப்டம்பரில் வந்த 6.2-இல்தான் சேர்ந்தது. இடைப்பட்ட மாதங்களில் ஒரு நிறமாலைமானிக்குச் செயலி எழுதிக்கொண்டிருந்த மாணவருக்குப் பழைய பதிப்பில் நின்றால் திருத்தங்கள் கிடையாது, புதிய பதிப்புக்குச் சென்றால் கருவி பேசாது என்ற நிலை. 'நீண்டகால ஆதரவு' என்ற சொல்லை மட்டும் நம்பிப் பதிப்பைத் தேர்ந்தெடுப்பது போதாது. அந்த ஆதரவு யாருக்கு, எந்த உரிமத்தின் கீழ் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

ஒரு முழு ஆய்வுக்காலத்தையும் ஒரே பதிப்பில் கழிக்கலாம் என்பது பெரும்பாலும் நிறைவேறாத எதிர்பார்ப்பு என்றே இவை காட்டுகின்றன. ஒருமுறையேனும் இடம்பெயர நேரும். அந்த இடப்பெயர்வு ஆய்வுத் திட்டத்தில் முன்கூட்டியே இடம்பெற்றிருக்கிறதா, அல்லது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மாதத்தில் எதிர்பாராமல் வந்து நிற்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

பதிப்பு மாற்றத்தால் நேரும் பிழைகளில் இருவகை உண்டு. முதல்வகை, உரக்க நிகழ்வது. 2021 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.10, முழு எண் எதிர்பார்க்கப்படும் இடத்தில் தசம எண்ணைத் தானாகவே மாற்றி ஏற்றுக்கொள்ளும் பழைய சலுகையை நீக்கியது. பைக்யூட்டி 5-இல் எழுதப்பட்ட எத்தனையோ செயலிகள், சாளரத்தின் அகலத்தை இரண்டால் வகுத்து நடுப்புள்ளியைக் கணக்கிட்டு, அந்தத் தசம எண்ணை அப்படியே சட்டகத்திடம் கொடுத்துவந்தன. 3.9-இல் எச்சரிக்கையோடு ஓடியவை 3.10-இல் நின்றுபோயின. ஜாவா உலகிலும் இதை ஒத்த ஒன்று நிகழ்ந்தது. ஆரக்கிள் வழங்கிய ஜாவா 8-உடன் சேர்ந்தே வந்த ஜாவாஎஃப்எக்ஸ், 2018-இல் வெளியான ஜாவா 11-இலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. அதை இயங்குதளத்தின் பகுதியாகவே எண்ணி எழுதப்பட்ட செயலிகள் புதிய ஜாவாவில் திறக்க மறுத்தன. இத்தகைய பிழைகள் எரிச்சலூட்டுபவை, ஆனால் நேர்மையானவை. செயலி நின்றுவிடுவதால் ஏதோ மாறிவிட்டது என்பதேனும் தெரிகிறது.

இரண்டாம் வகை, ஓசையின்றி நிகழ்வது. செயலி திறக்கும், ஓடும், விடையும் தரும். அவ்விடை முன்னைய விடையாக இருக்காது. பைத்தான் 2-இல் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. பைத்தான் 3-இல் 3.5. நிரலின் இலக்கணத்தைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றித்தந்த தானியங்கிக் கருவி இந்தப் பொருள்மாற்றத்தைக் கண்டுகொள்வதில்லை. மைக்ரோசாஃப்ட் 2020 நவம்பரில் வெளியிட்ட டாட்நெட் 5, விண்டோஸில் மொழிசார்ந்த ஒப்பீடுகளுக்கு அதுவரை பயன்படுத்திய விண்டோஸின் சொந்த நிரலகத்தை விட்டு, ஐசியூ எனப்படும் பொது நிரலகத்துக்கு மாறியது. பல இயங்குதளங்களில் ஒரே நடத்தை கிடைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கமே அதற்குக் காரணம். ஆயினும், அகரவரிசையில் சில சொற்களின் இடம் மாறியது. ஒரு சரத்துக்குள் வரிமுடிவுக் குறி எங்கே உள்ளது என்று தேடும் எளிய கட்டளைகூடச் சில நிலைகளில், குறி இருந்தும் 'இல்லை' என்று விடை தந்தது. இந்திய மொழிகளின் சொற்றொகுதியை வரிசைப்படுத்தி எண்ணும் மொழியியல் செயலி ஒன்று இம்மாற்றத்தைக் கவனியாமல் கடந்திருந்தால், ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஒரு வரிசையும் ஐந்தாம் இயலில் வேறொரு வரிசையும் அமைய வாய்ப்புண்டு.

டெஸ்க்டாப் சட்டகங்களுக்கு வெளியேயும் இதே நிலைதான். 2019 ஏப்ரலில் வந்த ஆர் மொழியின் 3.6.0 பதிப்பு, சமவாய்ப்பு மாதிரி எடுக்கும் இயல்பு முறையைத் திருத்தியது. பழைய முறையில் இருந்த ஒரு சாய்வை நீக்குவதற்காகச் செய்யப்பட்ட சரியான திருத்தம் அது. ஆனால் அதே விதை எண்ணைக் கொடுத்தாலும் முந்தைய பதிப்பில் கிடைத்த மாதிரி புதியதில் கிடைக்காது. முடிவுகளை மறுபடி பெற முயல்பவர், பதிப்பு எண் குறிக்கப்படாத ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பிழை தம்முடையதா ஆய்வேட்டினுடையதா என்று வாரக்கணக்கில் தேட நேரும். கல்விப்புலத்துக்கு முதல்வகைப் பிழையைவிட இரண்டாம் வகையே ஆபத்தானது. திறக்காத செயலி ஒரு நாளைக் கெடுக்கும். மாறிய விடை ஒரு முடிவையே கெடுக்கும்.

இந்நிலையில் ஆய்வகங்களில் இரு எதிரெதிர் மனப்பாங்குகள் நிலவுகின்றன. 'ஓடுகிறதைத் தொடாதே' என்பது ஒன்று. பழைய கணினியும் பழைய இயங்குதளமும் அதில் ஓடும் பழைய செயலியும் ஒரு மூலையில் அப்படியே காக்கப்படுகின்றன. இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. பல இலட்சம் ரூபாய் மதிப்புள்ள கருவியின் இயக்கி நிரல் விண்டோஸ் 7-இல் மட்டுமே ஓடும் என்றால், ஆய்வகத்துக்கு வேறு வழியில்லை. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. பைத்தான் 3.9 முதல் அதில் ஓடாது. க்யூட்டி 6, டாட்நெட் 8, எலக்ட்ரான் 23 முதலியவையும் ஓடா. அந்தக் கணினிக்குச் செயலி எழுதுபவருடைய பதிப்புத் தேர்வை அக்கருவியே செய்துவிடுகிறது. அங்கே பழைய பதிப்பில் நிற்பதும், அக்கணினியை இணையத்திலிருந்து துண்டித்து வைப்பதும் அறிவுடைய செயல்கள்.

ஆனால் அந்த விலக்கையே எல்லாச் செயலிகளுக்கும் பொதுவிதியாக்குவது வேறு. மாணவர்களின் மடிக்கணினிகளில் ஓடி, இணையத்திலிருந்து கோப்புகளைப் பெற்றுத் திறக்கும் செயலிக்கு உறைநிலை பாதுகாப்பன்று. 2023 செப்டம்பரில் வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் நிரலகத்தில் கடுமையான பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்பட்டது. குரோம் உலாவிக்கான திருத்தம் உடனே வந்தது. எலக்ட்ரான் செயலிகளோ ஒவ்வொன்றும் குரோமியத்தின் ஒரு படியைத் தன்னுள்ளேயே சுமப்பவை. ஆதலால் ஒவ்வொரு செயலியையும் அதன் ஆசிரியர் தனித்தனியே புதுப்பித்து வெளியிட வேண்டியிருந்தது. ஆசிரியர் பட்டம் பெற்றுப் போய்விட்ட செயலிக்கு அத்திருத்தத்தை யார் செய்வார்? மேலும் 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் முடிந்த நிலையில், மூலையில் காக்கப்படும் கணினிகளின் எண்ணிக்கை பெருகவே செய்யும்.

மற்றொரு மனப்பாங்கு, எப்போதும் அண்மைப் பதிப்பையே நிறுவுவது. இளம் மாணவர்களிடம் இது மிகுதி. 'நம்பை வேண்டும்' என்று பெயரை மட்டும் எழுதிவைத்து, எண்ணைக் குறிக்காமல் விடுவதன் உட்பொருளும் இதுவே. 2024 ஜூனில் நம்பை 2.0 வெளியானது. பழைய நம்பைக்காகத் தொகுக்கப்பட்ட இருமநிலை நிரலகங்கள் அதனோடு ஒத்தியங்கவில்லை. அதற்கு முந்தைய வாரம் நிறுவிய கணினியில் ஓடிய செயலி, அடுத்த வாரம் நிறுவிய கணினியில் ஓடாதிருக்கக்கூடும். மூலநிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. புதுமையை விரும்புவதில் தவறில்லை. ஆனால் மாற்றம் எந்த நாளில் வர வேண்டும் என்பதை ஆய்வாளர் தீர்மானிக்காமல் தரவிறக்கத் தளம் தீர்மானிக்கும் நிலையை ஆய்வுமுறை என்று கூற இயலாது.

இவ்விரு மனப்பாங்குகளுக்கும் இடையே செல்லும் வழி கடினமானதன்று. ஆனால் திட்டமிட்டுச் செல்ல வேண்டியது. முதலாவதாக, செயலியைத் தொடங்கும் நாளில் ஒரு பக்க அட்டவணை வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் பெயர், பதிப்பு, அதன் ஆதரவு முடியும் நாள், அது ஓட வேண்டிய ஆய்வகக் கணினிகள் ஆகியவை அதில் இருந்தால் போதும். ஆய்வேடு சமர்ப்பிக்கும் உத்தேச நாளுக்குப் பிறகும் ஆதரவு நீளும் பதிப்பு கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிடைக்காவிடில் இடம்பெயர்வுக்கான மாதத்தை ஆண்டுத் திட்டத்தில் எழுதிவிட வேண்டும். இங்கே ஒரு வியப்பும் உண்டு. விண்டோஸில் மட்டும் ஓட வேண்டிய செயலிக்கு, 2019-இல் வந்த பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8, புதிய டாட்நெட் பதிப்புகள் பலவற்றைவிட நீண்ட ஆயுள் உடையது. அது விண்டோஸின் உறுப்பாகக் கருதப்பட்டு, அந்த இயங்குதளத்துக்கு ஆதரவு இருக்கும் வரை ஆதரவு பெறுகிறது. புதிய வசதிகள் அதில் சேரா. ஆனால் ஒரு கருவியின் அளவீடுகளைப் பதிவுசெய்யும் செயலிக்குப் புதிய வசதிகள் அத்தனை தேவையா என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இரண்டாவதாக, அறிவித்தல், பூட்டுதல், பொதிதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு செயல்கள் என்பது உணரப்பட வேண்டும். எந்த வரம்புக்குட்பட்ட பதிப்புகளில் செயலி ஓடும் என்று கூறுவது அறிவித்தல். சோதித்துப் பார்த்த துல்லியமான பதிப்புகளை, மறைமுகமாக உள்ளே வரும் நிரலகங்கள் உட்பட, ஒரு கோப்பில் எழுதிவைப்பது பூட்டுதல். அப்பதிப்புகளையே செயலியோடு சேர்த்துக் கட்டி ஒரே நிறுவியாகத் தருவது பொதிதல். அறிவிப்பு மட்டும் இருந்தால் நம்பை 2.0 போன்ற நாள்களில் செயலி உடையும். பூட்டு மட்டும் இருந்தால் இணைய இணைப்பில்லாத கருவிக் கணினியில் அதை நிறுவ இயலாது. பொதி மட்டும் இருந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று பின்னாளில் தெரியாது. பாதுகாப்புத் திருத்தமும் தானாக உள்ளே போகாது. ஆய்வகச் செயலிக்கு மூன்றும் வேண்டும்.

டாட்நெட்டைப் பொறுத்தவரை, இயக்கச்சூழலைப் பொதியாமல் வழங்கப்படும் செயலி, இயல்புநிலையில் வேறொரு முதன்மைப் பதிப்புக்குத் தாவாது. டாட்நெட் 6-க்காக எழுதப்பட்டது, டாட்நெட் 8 மட்டும் உள்ள கணினியில், அதற்கென அமைப்பை மாற்றினாலன்றி, ஓடாது. இது குறையன்று, ஓசையற்ற பிழைகளிலிருந்து காக்கும் தடுப்பு. பைத்தான் செயலிகளைப் பைஇன்ஸ்டாலர் போன்ற கருவியால் பொதியும்போது, செயலி ஓட வேண்டிய கணினிகளுள் மிகப் பழைய இயங்குதளம் உள்ளதிலேயே பொதிய வேண்டும். புதிய லினக்ஸில் பொதிந்தது பழைய லினக்ஸில் ஓடாமல் போகலாம். பழையதில் பொதிந்தது புதியதில் பெரும்பாலும் ஓடும். பொதிந்த பிறகு, எழுதியவர் அல்லாத ஒருவர், அச்செயலியை ஒருபோதும் கண்டிராத கணினியில் அதை நிறுவிப் பார்க்க வேண்டும். எழுதியவரின் கணினியில் மட்டும் ஓடுவதை நிறைவுற்ற செயலியாகக் கொள்ளலாகாது.

மூன்றாவதாக, கணக்கீட்டையும் காட்சியையும் பிரித்து எழுத வேண்டும். பொத்தானை அழுத்தியதும் இயங்கும் நிரற்பகுதிக்குள்ளேயே சமன்பாடுகளைத் தீர்க்கும் வழக்கம் மாணவச் செயலிகளில் மிகப் பரவலானது. அப்படி எழுதப்பட்டதில், சட்டகத்தின் பதிப்பு மாறினால் ஆய்வின் கணக்கீட்டிலும் கைவைக்க நேர்கிறது. கணக்கீடு சட்டகத்தின் பெயரையே அறியாத தனிக்கோப்புகளில் இருந்தால், சாளரங்களை மட்டும் புதிய பதிப்புக்கு மாற்றி எழுதினால் போதும். மேலும், அக்கணக்கீட்டைச் சாளரமின்றியே இயக்கிச் சோதிக்கலாம். விடை தெரிந்த சில தரவுக்கோப்புகளை வைத்துக்கொண்டு, பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் விடைகளை ஒப்பிடலாம். ஓசையற்ற பிழைகளைப் பிடிக்க இதைவிட நம்பகமான வழி குறைவு.

நான்காவதாக, ஒரு பரிசோதனையின் தரவுத்தொகுதி முழுவதும் ஒரே பதிப்பில் முடிக்கப்பட வேண்டும். தொடக்க அளவீடுகளுக்கும் இறுதி அளவீடுகளுக்கும் இடையே சட்டகத்தையோ நிரலகத்தையோ மாற்றினால், தெரியும் வேறுபாடு மாதிரியினுடையதா மென்பொருளினுடையதா என்று பின்னர் வாதிட இயலாது. இடம்பெயர்வுக்கு உரிய காலம் இரு தரவுத்தொகுதிகளுக்கு இடைப்பட்டதே.

பெரிய திட்டங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்பதிலிருந்து கற்கலாம். நிலவியல் தகவல் செயலியான கியூஜிஐஎஸ், 2018 பிப்ரவரியில் தன் 3.0 பதிப்பில் பைத்தான் 2-இலிருந்து 3-க்கும் க்யூட்டி 4-இலிருந்து 5-க்கும் ஒருசேர மாறியது. பழைய செருகுநிரல்கள் அப்படியே ஓடவில்லை. அவற்றைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. ஆனால் அம்மாற்றத்தோடு பழையதைக் கைவிட்டுவிடாமல், 2.18 நீண்டகாலப் பதிப்பாகத் தொடர்ந்து பேணப்பட்டது, மாற்றத்துக்கு உதவும் கருவியும் வழங்கப்பட்டது, 3.4 அடுத்த நீண்டகாலப் பதிப்பாக நிலைபெற்ற பிறகே பழையது விடைபெற்றது. நுண்ணோக்கிப் படங்களை அளப்பதற்கு உயிரியலாளர்கள் நம்பியிருக்கும் ஃபிஜி, ஜாவா இயக்கச்சூழலைத் தன்னோடு சேர்த்தே வழங்கிவந்ததால், பயனரின் கணினியில் எந்த ஜாவா உள்ளது என்ற கேள்வி பெரும்பாலும் எழவில்லை. இந்தியாவில், ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபோசி திட்டத்தில் உருவான ஓஸ்டாக், ஐ.எஸ். 800:2007 தரநிலையின்படி எஃகுக் கட்டமைப்புகளை வடிவமைக்க உதவும் டெஸ்க்டாப் செயலி. பைத்தான், பைக்யூட்டி, ஓப்பன்காஸ்கேட் என்ற அடுக்குகளின்மேல் நிற்கும் அது, ஒரு மாணவரின் மடிக்கணினியில் முடங்காமல், திட்டத்தின் பெயரில் நிறுவிகளாக வெளியிடப்படுகிறது. பலர் வந்து செல்லும் கல்விச் சூழலிலும் ஒரு செயலி தன் ஆசிரியரைச் சார்ந்திராமல் நிற்க முடியும் என்பதற்கு இது உள்நாட்டுச் சான்று.

இவ்வளவும் செய்ய மாணவருக்கு நேரம் எங்கே என்ற மறுப்பு நியாயமானது. மதிப்பீட்டில் கட்டுரைகளே எண்ணப்படுகின்றன. செயலியைப் பேணுவதற்கு மதிப்பெண் இல்லை. ஒருமுறை ஓட்டி வரைபடம் ஒன்றை எடுத்துவிட்டு மறந்துவிடும் சிறு நிரலுக்கு நிறுவியும் சோதனைத் தொகுதியும் வேண்டும் என்று எவரும் கேட்கப்போவதில்லை. அதற்குப் பதிப்பு எண்களின் பட்டியல் மட்டும் போதும். ஆனால் ஒரு செயலி இரண்டாவது மனிதரின் கைக்குப் போன கணத்தில் அதன் இயல்பு மாறுகிறது. அதன் விடையை நம்பி இன்னொருவர் தம் ஆய்வேட்டின் ஓர் இயலை எழுதுகிறார். அப்போது பேணுதலுக்கான செலவு மறைவதில்லை. எழுதியவர் செலவிடாத நாள்களை, செயலியின் உட்கூறு எதையும் அறியாத இளையவர் பன்மடங்காகச் செலவிடுகிறார். ஆய்வகத்தின் படிநிலையில் குரலற்றவர் அவரே என்பதால் அச்செலவு எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆகவே, இதை மாணவரின் நற்பண்பாக மட்டும் விட்டுவிட முடியாது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் சமர்ப்பிக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கட்டாயமாக்கியது. இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ஷோத்கங்கா களஞ்சியம் அவற்றைக் காத்துவருகிறது. அந்த ஆய்வேடுகளின் எண்களைக் கணக்கிட்டுத் தந்த செயலிகளுக்கு இணையான கட்டாயம் இல்லை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு பக்கப் பதிப்பு அட்டவணையைக் கோருவதற்குப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை. துறையின் ஆய்வுக்குழு தீர்மானித்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம். மூலநிரலையும் பூட்டுக்கோப்பையும் நிறுவியையும் செர்ன் நடத்தும் ஜெனோடோ போன்ற களஞ்சியத்தில் இட்டால் நிலையான அடையாள எண் கிடைக்கும். அதை மேற்கோளாகக் காட்டலாம். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கருவியின் அளவுத்திருத்தத்தைப் பற்றிக் கேட்பது போல, செயலியின் பதிப்பைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம். ஆய்வுத் திட்டங்களின் நிதிக் கோரிக்கையில், கருவிப் பராமரிப்புக்கு ஒதுக்குவது போல், மென்பொருள் பராமரிப்புக்கும் ஒரு வரி சேர்க்கலாம்.

இன்னும் எளிய இடம் ஒன்றும் உண்டு. பட்டம் பெற்று வெளியேறும் ஒவ்வொரு மாணவரும் நூலகம், விடுதி, ஆய்வகம், கணக்குப் பிரிவு என்று படியேறி 'நோ டியூஸ்' படிவத்தில் கையொப்பம் வாங்குகிறார். நூலகப் புத்தகம் ஒன்று திரும்பாவிட்டாலும் சான்றிதழ் நின்றுவிடுகிறது. அப்படிவத்தின் ஆய்வகப் பத்தியில், 'இவர் எழுதிய செயலி, அதன் பதிப்பு அட்டவணையுடன், வேறொரு கணினியில் வேறொருவரால் நிறுவி இயக்கிப் பார்க்கப்பட்டது' என்று ஒரு வரியைச் சேர்த்து, அதன் கீழ் அதைப் பெற்றுக்கொள்ளும் இளைய மாணவரின் கையொப்பத்துக்கு இடம் விட்டால் போதும். கையொப்பமிட வேண்டியவர் அவர் என்பதால், செயலி தம் கணினியில் திறக்கிறதா என்று பார்க்காமல் அவர் எழுதுகோலை எடுக்கமாட்டார்.